லாரியில் எழுதிய பெயர்

யோங்-சுக்குக்கு மூக்கின் மேல் கோபம் என்று குன்சான் துறைமுகத்து மீன் சந்தையில் சொல்வார்கள். அது தப்பு. அவளுக்குக் கோபம் உடம்பு முழுக்க இருந்தது. மூக்கு கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டிருந்ததால் அங்கே முதலில் தெரிந்தது, அவ்வளவுதான். சந்தைக்குப் பின்புறம் பயறுமுளைச் சூப்பும் சோறும் விற்கிற கடை வைத்திருந்தாள். விடியற்காலை ஐந்து மணிக்குத் திறப்பாள், மதியம் மூன்றுக்கு மூடுவாள். குன்சான் நாரைகள் பேஸ்பால் ஆடுகிற நாளாக இருந்தால் மூடிய கையோடு மைதானத்துக்கு ஓடுவாள். கணவனை விட்டு வந்தது எந்த வருடம் என்று யாராவது கேட்டால், "நாரைகள் ஏழாவதா வந்த வருஷம்" என்பாள். எந்த ஏழாவது என்று மறுபடி கேட்க வேண்டியிருக்கும். அத்தனை தடவை ஏழாவதாக வந்த அணி அது.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடைத் தொலைக்காட்சியில் அந்தச் செய்தி ஓடியது. சியோல் எருதுகள் அணியின் மா சோல்-குன், வயது முப்பத்தொன்பது, இனி நாரைகளுக்கு ஆடுவார், இரண்டு வருட ஒப்பந்தம். பக்கத்தில் படம். நாரைத் தொப்பி போட்டுக்கொண்டு, மேலாளரோடு கை குலுக்கிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

யோங்-சுக் கரண்டியை ஓங்கியபடியே நின்றுவிட்டாள். சூப் கரண்டியிலிருந்து அடுப்பில் சொட்டிப் புகைந்தது.

"மொதலாளியம்மா, உங்க மாப்பிள்ளை ஊருக்கு வந்துட்டார் போல" என்றார் ஐஸ் வண்டிக்காரர். தினமும் காலையில் முதல் மேஜையில் உட்காருகிறவர். யாரை எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரிந்தவர்.

"யாரு மாப்பிள்ளை? கொதிக்கிற சூப்ப அவன் தலையில கவுக்க."

"இனிமே கவுக்க முடியாதே. நம்ம வீட்டு ஆளாயிட்டாரு. மே மாசம் அவருக்குக் கை தட்டுவீங்க, நானும் பார்ப்பேன்."

"நான் கை தட்டுனா இந்தக் கைய வெட்டி உங்க ஐஸ் பெட்டியில போட்டுக்கோங்க. இப்ப சாப்பிட்டு எந்திரிங்க, ஆளு நிக்குது."

ஆள் யாரும் நிற்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், நாரைகள் அத்திபூத்தாற்போல் கடைசிச் சுற்று வரை போன வருடம், கடைசி ஆட்டம், கடைசி இன்னிங்ஸ், இன்னும் ஒரே ஒரு ஆள் அவுட்டானால் போதும் என்கிற நேரத்தில் இந்த மா சோல்-குன் பந்தை வேலிக்கு வெளியே அடித்தான். அடித்ததைக்கூட மன்னித்துவிடலாம், அடிப்பது அவன் வேலை. அடித்துவிட்டு ஓடவில்லை. மட்டையைச் சுழற்றி எறிந்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்று பந்து போவதைப் பார்த்தான். பந்து யோங்-சுக்குக்கு மூன்று வரிசை தள்ளி விழுந்தது. சுற்றிலும் ஐயாயிரம் பேர் வாயடைத்துப் போய் உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் எழுந்து நின்று அவன் பரம்பரையையே திட்டினாள். அதற்கப்புறம் நாரைகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

இப்போது முட்டியில் மூன்று தடவை கத்தி பட்டு, போன வருடம் பாதி ஆட்டம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த ஆளைக் கூட்டிவந்து இரண்டு வருடம் சோறு போடப் போகிறார்கள். நாரைகளை நடத்துவது சியோலில் இருக்கிற ஒரு பெயின்ட் கம்பெனி. சுவருக்குப் பூசத் தெரியும், அணிக்கு ஆள் எடுக்கத் தெரியாது என்பது யோங்-சுக்கின் நெடுநாள் கருத்து.

ஆனால் கிழவனை எடுத்ததைவிட அவளைப் பயமுறுத்தியது வேறொன்று. இப்படிப் பெரிய ஆட்டக்காரர் ஒருவரை இழுத்துக்கொண்டால், அவரை இழந்த அணி பதிலுக்கு ஓர் ஆளைக் கேட்கும். இழுத்த அணி, தொடக் கூடாதவர்கள் என்று இருபத்தைந்து பெயரை எழுதி மூடிய உறையில் கொடுக்கலாம். மீதிப் பேரில் யாரை வேண்டுமானாலும் அவர்கள் தூக்கிக்கொண்டு போகலாம். உறைக்குள் யார் பெயர் இருக்கிறது என்பது இரண்டு அலுவலகங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

யோங்-சுக்குக்கு ஒரு பெயர் மட்டும் முக்கியம். பாங் சே-ஹா. இருபத்து மூன்று வயது, இடது கைப் பந்துவீச்சாளன், கேயா தீவுக்காரன். பள்ளியில் படிக்கிற காலத்தில் காலைப் படகில் இறங்கி, நேராக அவள் கடைக்கு வந்து, பேசாமல் இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போவான். அவளைச் சித்தி என்று கூப்பிடுவான். நாரைகள் அவனை எடுத்த அன்று கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் கூடுதல் முட்டை போட்டாள். முதல் வருடம் நன்றாகத்தான் வீசினான். போன வசந்தத்தில் முழங்கை போயிற்று. அறுவை செய்து, ஊருக்கு வெளியே இரண்டாம் அணியின் விடுதியில் கிடந்தான். அதற்குப் பிறகு அவனைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு வரி இல்லை. அவன் எண் போட்ட சட்டையை இன்னமும் மைதானத்துக்குப் போட்டுக்கொண்டு போகிறவள், அவன் அம்மாவைத் தவிர, யோங்-சுக் ஒருத்திதான். அம்மாவும் ஞாயிறு மதிய ஆட்டத்துக்கு மட்டும்தான் வருவாள். கடைசிப் படகைப் பிடித்துத் திரும்ப வேண்டும் அவளுக்கு.

புதன்கிழமை கடை மூடுகிற நேரத்தில் புன்-நே வந்தாள். யோங்-சுக்கோடு ஒரே தெருவில் வளர்ந்தவள், இரண்டு வயது இளையவள். இப்போது இரண்டாம் அணி விடுதியில் சமையல். வந்ததும் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

"நான் எப்ப விட்டேன்?"

"நீ எப்ப விடல?" புன்-நே உட்கார்ந்தாள். "சே-ஹா கை ஆறிடுச்சு. மூணு வாரமா முழு வேகத்துல போடுறான். நேத்து நூத்தம்பது கிலோமீட்டர் வேகத்துல போட்டான்னு கோச்சுங்க சாப்பாட்டு மேஜையில பேசிக்கிட்டாங்க. முன்னைக்கு இப்ப கூடுதல். சோறும் மூணு கிண்ணம்."

யோங்-சுக்குக்குக் கண் நிறைந்துவிட்டது. மேஜையைத் துடைக்கிற துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இத ஏன் யாருமே எழுதல? பேப்பர்காரனுங்க எல்லாம் செத்துட்டானுங்களா?"

"வெளிய விடக் கூடாதுன்னு உத்தரவு. ஆனா அக்கா, அவன் பேரு அந்த இருபத்தஞ்சுல இல்லியாம். அதுவும் அவங்கதான் பேசிக்கிட்டாங்க. அதுக்கு ஒரு காரணம்..."

"இல்லியா?"

"இரு, முழுசா கேளு. காரணம் என்னன்னா..."

"காரணமாவது மண்ணாவது. நூத்தம்பது போடுற பிள்ளைய விட்டுட்டு எவன் பேரை எழுதியிருக்கானுங்க? மேலாளர் மச்சான் பேரையா? முட்டி தேஞ்ச கிழவனுக்கு மாலை போட்டுக் கூட்டிட்டு வருவானுங்க, பெத்த பிள்ளைய வாசல்ல உக்கார வச்சு எவன் வேணா தூக்கிட்டுப் போன்னு விடுவானுங்களா?"

"அக்கா, கத்தாத. சந்தைக்கே கேக்குது."

"கேக்கட்டும்."

புன்-நே இன்னும் இரண்டு தடவை வாயைத் திறந்தாள். இரண்டு தடவையும் யோங்-சுக் பாத்திரத்தைப் போட்டு உடைக்கிற மாதிரி கழுவினாள். கடைசியில் புன்-நே முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு, "நான் சொன்னேன்னு மட்டும் எங்கயும் வரக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வாக்கை யோங்-சுக் கடைசி வரை காப்பாற்றினாள். அந்த ஒன்றைத்தான் காப்பாற்றினாள்.

இந்த நாட்டில் ரசிகர்களுக்குக் கோபம் வந்தால் கல் எறிவதில்லை. பக்கவாட்டில் பெரிய மின்திரை வைத்த லாரியை வாடகைக்கு எடுத்து, திட்ட வேண்டியதை அதில் எழுதி, கம்பெனி வாசலில் நிறுத்திவிடுவார்கள். நாரை ரசிகர்களின் அரட்டைக் குழுவில் அறுபது பேர். செவ்வாய்க்கிழமையே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு லாரிக்குச் சொல்லியாயிற்று. ஏற்பாடெல்லாம் தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிற பியோ. வரிகள் எழுதுவது யோங்-சுக். அதில் அவளை அடிக்க ஆளில்லை. மூன்று வருடத்துக்கு முன் அவள் எழுதிய ஒரே வரியில் ஒரு பயிற்சியாளர் ராஜினாமா செய்தார். அந்த வரியை இங்கே எழுத முடியாது.

புதன் மாலை அவள் இரண்டு வரி அனுப்பினாள்.

'முப்பத்தொன்பது வயதுக்கு இரண்டு வருடம். இது அணியா, முதியோர் இல்லமா?'

'கை ஆறி நூற்றைம்பது வேகத்தில் வீசுகிறான் பாங் சே-ஹா. அவனைக் காக்காத கம்பெனியே, நீ யாரைக் காக்கிறாய்?'

பியோ உடனே கூப்பிட்டான்.

"அக்கா, ரெண்டாவது வரி. நூத்தம்பதுன்னு எங்க கேட்டீங்க? எங்கயும் வரலியே."

"எங்கயோ கேட்டேன். நிஜம்."

"நிஜம்னா சரி. ஆனா இத வெளிய போடலாமான்னு ஒரு..."

"தம்பி, உனக்குப் பயமா இருந்தா தபால் தலை நக்கி ஒட்டு. நான் வேற ஆளை வச்சுப் போட்டுக்கிறேன்."

"கோச்சுக்காதீங்கக்கா. போட்டுடறேன். நீங்க சொன்னா சரிதான்."

வியாழக்கிழமை அவள் கடையைத் திறக்கவே இல்லை. 'சொந்த வேலை' என்று கதவில் ஒட்டிவிட்டு பியோவோடு முதல் பேருந்தில் சியோலுக்குப் போனாள். மதியம் பன்னிரண்டுக்கு லாரி வந்தது. பெயின்ட் கம்பெனியின் இருபது மாடிக் கட்டிடத்துக்கு முன்னால், சாப்பாட்டுக்கு வெளியே வந்த அத்தனை பேரும் பார்க்க, திரையில் எழுத்துகள் ஆளுயரத்துக்கு எரிந்தன. பாங் சே-ஹா. அந்தப் பெயரை அவ்வளவு பெரியதாகப் பார்த்ததும் குளிர் அவளுக்கு உறைக்கவில்லை. காவலாளி ஒருவன் வந்து லாரியை நகர்த்தச் சொன்னான். சாலை உன் கம்பெனி பெயின்ட் அடித்ததா என்று கேட்டாள். அவன் போய்விட்டான். போகிறவர் வருகிறவர் எல்லாம் படம் எடுத்தார்கள். மாலைக்குள் அந்தப் படம் விளையாட்டுப் பக்கங்களில் எல்லாம் வந்துவிட்டது. பேருந்தில் திரும்பும்போது பியோ ஒவ்வொன்றாகக் காட்டி முடித்த பிறகுதான் கண்ணை மூடினாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு திருப்தியாகத் தூங்கிய பேருந்துப் பயணம் கிடையாது.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அறிவிப்பு வந்தது. மா சோல்-குன்னுக்குப் பதிலாகச் சியோல் எருதுகள் எடுத்துக்கொண்டது: பாங் சே-ஹா, பந்துவீச்சாளர், இடது கை.

யோங்-சுக் கத்தவில்லை. ஐஸ் வண்டிக்காரர் அன்றைக்கு ஒரு வார்த்தை கேலி பேசாமல் சாப்பிட்டு எழுந்து போனார் என்றால் அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்படிக்குள் போய் முள்ளங்கியை எடுத்து வெட்ட ஆரம்பித்தாள். தேவைக்கு மேல் வெட்டினாள். நான் சொன்னேனே, அவன் பெயரை எழுதவில்லை என்று சொன்னேனே, லாரியில் போட்டு ஊரெல்லாம் சொல்லியும் திருந்தவில்லையே என்று முள்ளங்கியிடம் சொன்னாள். மேலாளரையும் மா சோல்-குன்னையும் கம்பெனியில் பிரஷ் பிடிக்கிறவன் வரைக்கும் எல்லாரையும் பெயர் சொல்லித் திட்டினாள். தன்னைத் தவிர எல்லாரையும் திட்டினாள்.

குழுவில் அறுபது பேரும் கொதித்தார்கள். இன்னொரு லாரி வேண்டும் என்றார்கள். இந்தத் தடவை ஒரு வாரம் நிற்க வேண்டும். அக்கா எழுதட்டும், அக்கா சொன்னது அப்படியே நடந்துவிட்டது, அக்காவுக்குத்தான் இந்த அணியைப் பற்றித் தெரியும்.

செவ்வாய்க்கிழமை சே-ஹா தன் கையால் எழுதிய கடிதத்தைப் படம் எடுத்துத் தன் இணையப் பக்கத்தில் போட்டான். அணி மாறிப் போகிறவர்கள் எல்லோரும் இப்படி ஒன்று எழுதுவதுதான். நன்றி, மன்னிப்பு, மறுபடி நன்றி என்று எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இது வேறு மாதிரி இருந்தது. எழுத்து பள்ளிப் பிள்ளையின் எழுத்து.

'அம்மா படகில் வந்து பார்த்துவிட்டு, படகிலேயே திரும்புகிற தூரத்தில் ஆட வேண்டும் என்பதுதான் என் ஆசை. மே மாதம் ஊர் மைதானத்தில் நான் வீசுவேன் என்று பயிற்சியாளர்கள் ரகசியமாகச் சொல்லியிருந்தார்கள். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஒரேயடியாக ஆச்சரியப்படுத்தலாம் என்றிருந்தேன். லாரியில் என் பெயரை எழுதிய ரசிகர்களுக்கு நன்றி. என்னை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன். என் பெயரை அவ்வளவு பெரிய எழுத்தில் அதற்கு முன் யாரும் எழுதியதில்லை.'

யோங்-சுக் அதை நான்கு தடவை படித்தாள். 'ரகசியமாக' என்கிற இடத்தில் ஏதோ ஒன்று நெருடியது. அதற்கு மேல் யோசிக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. கோபப்பட்டால் யோசிக்க வேண்டியதில்லை, அதனால் கோபப்பட்டாள்.

மறுநாள் புதன்கிழமை, மதியம் இரண்டு மணி இருக்கும், கடையில் ஒருவருமில்லை. உயரமான ஆள் ஒருவன் குனிந்து உள்ளே வந்தான். தொப்பி, முகமூடி. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தான். முகமூடியைக் கழற்றுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த முட்டியின் வரலாறு அவளுக்கு மனப்பாடம்.

"சூப்பு ஒண்ணு" என்றான் மா சோல்-குன்.

"தீந்துடுச்சு."

அவளுக்குப் பின்னால் பெரிய பாத்திரம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். அவளையும் பார்த்தான். சுவரில் மாட்டியிருந்த நாரைக் கொடியையும் பார்த்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"முதியோர் இல்லத்துக்குச் சாப்பாடு கிடையாதா, மொதலாளியம்மா?"

அவள் வரியை அவளிடமே சொன்னான். எழுதியவள் அவள் என்று அவனுக்குத் தெரியாது. யோங்-சுக்குக்கு ரத்தம் தலைக்கேறியது. ஆனாலும் இருபது வருடக் கடைக்காரி. வந்து உட்கார்ந்தவனைப் பட்டினியாக அனுப்பிப் பழக்கமில்லை. கிண்ணத்தை அவன் முன்னால் டங்கென்று வைத்தாள். எல்லோருக்கும் கூடவே வைக்கிற முட்டையை மட்டும் வைக்கவில்லை.

அவன் அதைக் கேட்காமல் சாப்பிட ஆரம்பித்தான். அவளால் பத்து வாய் வரைக்கும்தான் பொறுக்க முடிந்தது.

"தொண்டையில எறங்குதா?"

"நல்லா எறங்குது. கொஞ்சம் சூடு."

"உன்னால ஒரு பிள்ளை ஊரை விட்டுப் போயிட்டான். இந்த மேஜையில உக்காந்து சாப்பிட்ட பிள்ளை. நீ ரெண்டு வருஷம் பெஞ்சுல உக்காந்து முட்டிக்குத் தைலம் தேய்க்கிறதுக்காக, தீவுல இருந்து படகேறி வர்ற ஒருத்தி பெத்த பிள்ளைய விலை குடுத்திருக்கோம். அது தெரியுமா உனக்கு?"

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"தெரியும். மூணு நாளா எனக்கும் சரியா தூக்கமில்ல" என்றான். "ஆனா நேத்து எருதுகள்ல எனக்கு வழியனுப்பு விருந்து வச்சாங்க. அங்க ஆள் தேர்வு பார்க்கிறவன் என்கூட ஒண்ணா ஆடுனவன். அவன்கிட்ட சண்டைக்கே போனேன். எதுக்குடா அந்தச் சின்னப் பையனை எடுத்தீங்க, எனக்குப் பதிலா ஒரு பழைய கேட்சரை எடுத்திருந்தா எனக்கும் அந்த ஊர்ல மூஞ்சி காட்ட முடியும்லன்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"கேட்சரைத்தான் எடுக்கிறதா இருந்தாங்களாம். பேர்கூட எழுதியாச்சாம். பாங் சே-ஹா கை போனவன், இன்னும் ஒரு வருஷம் ஆகும்னுதான் அவங்க குறிப்புல இருந்துச்சாம். அப்படி நினைக்கணும்னுதானே நாரைக்காரங்க அவன் பேரை எழுதாம விட்டது. எழுதினா, இவன்கிட்ட ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுடும். எழுதாம விட்டா எவனும் தொட மாட்டான். அந்த எடத்துல இன்னொரு பையனையும் காப்பாத்திடலாம். கெட்டிக்காரத்தனம்தான். எங்க பழைய ஆளுங்க ஏமாந்தே போயிருப்பாங்க."

புன்-நே இந்த மேஜையில் உட்கார்ந்து இரண்டு தடவை வாயைத் திறந்தது இதைச் சொல்லத்தான்.

"உறை வியாழக்கிழமை காலையிலேயே கைமாறிடுச்சு" என்றான் அவன். "மத்தியானம் லாரி வந்துச்சு. அதுல போட்டிருந்ததே, கை ஆறிடுச்சு, நூத்தம்பதுன்னு. அந்தப் படத்தைப் பார்த்துட்டுத்தான் இவனுங்களுக்குச் சந்தேகமே வந்துச்சாம். ஆளை அனுப்பி விசாரிச்சிருக்கானுங்க. நிஜம்னு தெரிஞ்சதும் கேட்சரை அடிச்சுட்டு இவன் பேரை எழுதிட்டானுங்க." கிண்ணத்தைத் தூக்கி மிச்சச் சாற்றைக் குடித்தான். "யார் எழுதுனாங்களோ. என்னைப் பத்தின வரி நல்லா இருந்துச்சு, எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. ரெண்டாவது வரியை மட்டும் எழுதாம இருந்திருக்கலாம்."

"எழுதாம இருந்திருந்தா?"

"மே மாசம் இங்கதான் வீசியிருப்பான். நான் பின்னால நின்னு அவனுக்குப் பந்து பொறுக்கிப் போட்டிருப்பேன்."

காசை மேஜையில் வைத்துவிட்டு முகமூடியை மாட்டிக்கொண்டான். வாசலில் திரும்பி, "சூப்பு நல்லா இருந்துச்சு. பக்கத்துக் கடையில முட்டை வைக்கிறாங்கன்னு சொன்னாங்க, அது எப்படியிருக்குமோ" என்றான். காலை இழுத்துக்கொண்டு போனான்.

பதினோரு வருடமாக அவள் பத்திரமாகப் பொத்தி வைத்திருந்த வெறுப்பு. அந்த ஆள் வந்து ஒரு கிண்ணம் சூப்பில் அதைப் பாதி கரைத்துவிட்டுப் போய்விட்டான். அதற்கும் அவன்மேல் ஆத்திரமாக வந்தது. சொல்லாமல் போயிருக்கலாமே, கிழட்டுப் பயல். அவள் பாட்டுக்குக் கம்பெனியைத் திட்டிக்கொண்டு சாகிற வரைக்கும் நிம்மதியாக இருந்திருப்பாளே. புன்-நே மேல் கோபம் வந்தது, ஏன் கையைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லவில்லை என்று. பியோ மேல் வந்தது, தபால் தலை நக்கச் சொன்னால் பயந்துபோய்ப் போட்டுவிடுவதா என்று. வந்த கோபம் ஒவ்வொருவரிடமும் போய் நிற்க இடமில்லாமல் திரும்பி வந்தது. நூற்றைம்பது என்று எழுதிய விரல்கள் இந்த விரல்கள்தான். சே-ஹாவின் அம்மா படகிலிருந்து இறங்கி, ஞாயிறு மதிய வெயிலில், தன் மகன் வீசாத மைதானத்துக்கு இனி எதற்கு வருவாள்.

கைபேசி மேஜைமேல் நடுங்கிக்கொண்டே இருந்தது. குழுவில் பியோ.

'அக்கா, லாரிக்காரர் கேக்கிறார். வரி ரெடியா?'

அதற்குக் கீழே வேறு யாரோ: 'கிழவனை உரிச்சு விடுங்கக்கா.'

இன்னொருவர்: 'சே-ஹா கடிதத்தைப் படிச்சு எங்க வீட்ல எல்லாரும் அழுதோம். விடாதீங்க அவங்களை.'

எழுதிவிடலாம். மா சோல்-குன்னைப் பற்றி இன்னொரு வரி, கம்பெனியைப் பற்றி இரண்டு வரி. பத்து நிமிட வேலை. யாருக்கும் தெரியப்போவதில்லை. உண்மை தெரிந்த ஒருவனுக்கும், அந்த வரியை எழுதியது அவள்தான் என்று தெரியாது. யோங்-சுக் உட்கார்ந்தாள். அவன் சாப்பிட்ட கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

'சே-ஹாவை எருதுகள் எடுக்கிறதா இல்லை' என்று எழுதினாள். 'அவன் கை ஆறினதை மறைச்சு வச்சுத்தான் நம்ம அணி அவனைக் காப்பாத்திக்கிட்டு இருந்துச்சு. லாரியில நான் எழுதின வரியைப் பார்த்துட்டுத்தான் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அவனைக் கொடுத்தது கம்பெனி இல்லை. மா சோல்-குன்னும் இல்லை. நான்தான். எனக்கு யார் சொன்னாங்கன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். சொன்னவங்க முழுசா சொல்ல வந்தாங்க, நான்தான் கேக்கல.'

அனுப்பினாள். அறுபது பேரும் படித்துவிட்டார்கள் என்று சின்ன எண் காட்டியது.

'அக்கா, விளையாடாதீங்க' என்றான் பியோ.

பிறகு ஆரம்பித்தது. இவ்வளவு நாள் அக்கா அக்கா என்று வாலைப் பிடித்துக்கொண்டு திரிந்தவர்கள்தான். வயசாயிடுச்சே தவிர அறிவு வரல என்றார் ஒருவர். சே-ஹா வந்து சாப்பிட்ட கடை என்று இனி சொல்லிக்கொள்ளாதே என்றார் இன்னொருவர். அடுத்த லாரியை இவங்க கடை வாசல்ல நிறுத்தணும் என்று ஒரு பெண் எழுத, பதினேழு பேர் அதை ஆமோதித்தார்கள். அதில் என்ன போடுவது என்று பேச்சு வந்தது. 'துரோகி' என்று போடலாம் என்றார்கள். 'வாயாடி' என்று போடலாம் என்றார்கள்.

யோங்-சுக் ஒன்று விடாமல் படித்தாள். எதுவும் தேறவில்லை. கோபப்படத் தெரிகிறதே தவிர, எங்கே வலிக்கும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவளுக்குத் தெரியும்.

'இதெல்லாம் போதாது' என்று எழுதினாள். 'இதைப் போடுங்க.'

'பாங் சே-ஹாவின் அம்மா மே மாதம் ஞாயிற்றுக்கிழமைப் படகில் வந்து இறங்க வேண்டியவள். சூப்புக் கடை யோங்-சுக்கே, அவளுக்கு என்ன பதில் சொல்லப் போகிறாய்?'

பிறகு அதற்குக் கீழே, 'காலையில அஞ்சு மணிக்குக் கடை திறப்பேன். அதுக்கு முன்னாடி லாரியைக் கொண்டு வந்து நிறுத்துங்க, எழுத்து பெருசா இருக்கட்டும்' என்று பியோவுக்கு எழுதி அனுப்பினாள்.